1,280 ரூபாய் 1,180 ஆக வேண்டிய நாள்: ஒரு ஸ்பேர்ஸ் கவுண்டரின் விலை மாற்றம்

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். சனிக்கிழமை சர்வீஸுக்கு விட்ட வண்டியை எடுக்க வந்த பால்காரர் ஒருவர், பில்லைக் கையில் பிடித்தபடி நேராக ஸ்பேர்ஸ் கவுண்டருக்கு வந்தார். எஸ்டிமேட்டில் கிளட்ச் செட்டுக்கு 1,280 ரூபாய் எழுதிக் கொடுத்திருந்தோம். பில்லிலும் அதே 1,280. "அண்ணே, இன்னியிலேருந்து வரி கொறையுதுன்னு டிவியில சொன்னாங்களே, இதுல ஒண்ணும் கொறைஞ்ச மாதிரி தெரியலையே?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தனக்குப் புரியவில்லையோ என்ற தயக்கத்தோடுதான் கேட்டார்.

பில்லை வாங்கிப் பார்த்தேன். வரி விகிதம் 18 சதவீதம் என்று சரியாகத்தான் அச்சாகியிருந்தது. விலை மட்டும் பழையது. கணக்குப் போட்டால் விஷயம் உடனே புரிந்துவிடும். முன்பு வரி 28 சதவீதமாக இருந்தபோது 1,280 என்பது 1,000 ரூபாய் பொருளும் 280 ரூபாய் வரியும். இப்போது அதே 1,280ஐ 18 சதவீதத்தில் பிரித்தால் பொருளின் விலை 1,084 ரூபாய் 75 பைசா என்று வரும். அரசு குறைத்த வரி அவர் கைக்குப் போகவில்லை, எங்கள் விற்பனைக் கணக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆனால் அந்தப் பில்லில் இருப்பது எங்கள் டீலர்ஷிப்பின் பெயர்.

திருநெல்வேலிப் பக்கம் உள்ள ஒரு இருசக்கர வாகன டீலர்ஷிப்பில் பல வருடங்களாக ஸ்பேர்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கம்பெனி பெயரோ மென்பொருளின் பெயரோ இங்கே தேவையில்லை, இந்தத் தவறுகள் எந்த மென்பொருளிலும் நடக்கக்கூடியவை. அந்த வாரம் என்ன நடந்தது, எதனால் நடந்தது, பிறகு எதை மாற்றினோம் என்பதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். கவுண்டரில் நிற்கிற மற்றவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

அந்த மூன்று வாரம்

ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில் பிரதமர் ஜி.எஸ்.டி. மாற்றம் வருகிறது என்று அறிவித்தார். அன்றிலிருந்தே வண்டி வாங்க வந்தவர்கள் "பார்த்துக்கலாம்" என்று திரும்பிப் போக ஆரம்பித்தார்கள். செப்டம்பர் 3 அன்று நடந்த 56ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டம் விஷயத்தை உறுதி செய்தது. 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு 28லிருந்து 18 சதவீதம். உதிரிபாகங்களுக்கு எச்.எஸ்.என். எண், அதாவது பொருளின் வகையைக் காட்டும் வரி எண், எதுவாக இருந்தாலும் ஒரே விகிதம், 18 சதவீதம். செப்டம்பர் 22 முதல் அமல். முறையான விகித அறிவிக்கை செப்டம்பர் 17 அன்றுதான் வெளிவந்தது. கம்பெனிகளும் அதைப் பார்த்த பிறகுதான் தங்கள் விலைப் பட்டியலுக்கு முடிவான வடிவம் கொடுக்க முடியும். எங்களுக்கு விலைக் கோப்பு வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது.

ஞாயிறு மகாளய அமாவாசை. ஒர்க்‌ஷாப் லீவு. விலை மாற்றத்துக்கு இதைவிட வசதியான நாள் கிடைக்காது என்று சந்தோஷப்பட்டோம். நானும் ஸ்டோரில் இருக்கும் தம்பியும் மதியம் உட்கார்ந்து கோப்பை ஏற்றினோம். திரையில் "வெற்றிகரமாக ஏற்றப்பட்டது" என்று வந்தது. ஐந்தாறு பாகங்களை எடுத்துப் பார்த்தோம். பிரேக் ஷூ, ஸ்பார்க் பிளக், ஷாக் அப்சார்பர் எல்லாமே குறைந்திருந்தன. சரி என்று கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். நாங்கள் பார்த்த ஐந்தாறும் வேகமாக ஓடுகிற பாகங்கள். அவை எப்போதுமே சரியாகத்தான் இருக்கும். தப்பு தூங்குகிற இடம் வேறு.

விலை என்பது ஓர் எண் இல்லை

கவுண்டருக்கு வெளியே நிற்பவருக்கு ஒரு பாகத்தின் விலை ஓர் எண். மென்பொருளுக்குள் அது குறைந்தது நான்கு இடங்களில் இருக்கிறது. பாகப் பட்டியலில் எம்.ஆர்.பி. இருக்கும், இது வரி சேர்த்த விலை. வரிப் பிரிவு தனியாக இருக்கும், அது எச்.எஸ்.என். எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். நாம் கம்பெனியிடம் வாங்கிய கொள்முதல் விலை இன்னொரு இடத்தில். நான்காவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம்: ஒரு வண்டிக்கான வேலையையும் பாகங்களையும் பதிகிற ஜாப் கார்டில் பாகத்தை ஏற்றியவுடன் அந்த நேரத்து விலை அதில் அப்படியே பதிந்துவிடும். பட்டியலில் விலையை மாற்றினால் இனிமேல் ஏற்றுகிற பாகங்களுக்குத்தான் புது விலை வரும். ஏற்கெனவே ஏறியது ஏறியதுதான்.

பால்காரருக்கு நடந்தது இதுதான். அவர் வண்டிக்குச் சனிக்கிழமையே ஸ்டோரிலிருந்து கிளட்ச் செட் எடுத்து ஜாப் கார்டில் போட்டாகிவிட்டது. விலை 1,280 என்று உறைந்துவிட்டது. வரி விகிதத்தை மட்டும் மென்பொருள் பில் போடுகிற நேரத்தில் எடுத்துக்கொள்கிறது. அதனால் பழைய விலையும் புது வரியும் ஒரே பில்லில் சேர்ந்துகொண்டன.

சட்டப்படி வரி விகிதம் சரிதான். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 14ஆம் பிரிவு, விகிதம் மாறுகிற சமயத்தில் என்ன செய்வது என்று சொல்கிறது. பொருளை மாற்றத்துக்கு முன்பே கொடுத்திருந்தாலும், பில்லும் பணமும் இரண்டுமே மாற்றத்துக்குப் பிறகு என்றால் புது விகிதம். பில்லை முன்பே போட்டுவிட்டுப் பணம் மட்டும் பிறகு வாங்கினால் பழைய விகிதம். ஆடிட்டர் இதைப் பத்து நாள் முன்பே சொல்லியிருந்தார். நாங்களும் வரியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். வரி மாறும்போது, வரி சேர்த்துப் பதிந்த விலை தானாக மாறாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. இப்போது எழுதும்போது இவ்வளவு எளிமையாகத் தெரிகிறது. அன்று தெரியவில்லை.

அன்று காலை திறந்திருந்த ஜாப் கார்டுகள் முப்பதுக்கு மேல். பால்காரருக்கு முன்பே பதினோரு பேர் பில் கட்டி வண்டியை எடுத்துப் போயிருந்தார்கள். அவர் கேட்டிருக்காவிட்டால் மீதி இருந்தவர்களும் அதே விலைக்குத்தான் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

மெக்கானிக் வரிசையில் நின்றபோது

பதினோரு மணிக்கு மேல் வெளி மெக்கானிக்குகள் வர ஆரம்பித்தார்கள். சுற்று வட்டாரத்தில் சொந்தப் பட்டறை வைத்திருப்பவர்கள், எங்கள் கவுண்டர் விற்பனையில் பெரும்பங்கு அவர்களுடையது. எம்.ஆர்.பி.யில் பத்து சதவீதம் கழித்துக் கொடுப்பது வழக்கம். முதல் பில்லே விழவில்லை. "அடக்க விலைக்குக் கீழே விற்க அனுமதி இல்லை" என்று மென்பொருள் நிறுத்திவிட்டது. அடுத்தவருக்கும் அப்படியே. எல்லாப் பாகத்துக்கும் இல்லை, சிலவற்றுக்கு மட்டும்.

முதலில் கம்பெனி எங்கள் லாப விகிதத்தைக் குறைத்துவிட்டது என்றே நினைத்தோம். முதலாளிக்கும் அப்படித்தான் போன் போட்டுச் சொன்னேன். அவர் கோபத்தோடு கம்பெனி ஏரியா மேலாளரைக் கூப்பிட, அவர் அப்படி எதுவும் இல்லை என்று சொல்ல, அரை நாள் அதிலேயே போனது. உண்மையான காரணத்தை மத்தியானம் கண்டுபிடித்தது ஸ்டோர் தம்பிதான். கொள்முதல் விலைப் பத்தியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல வரியும் சேந்து கெடக்கு" என்றான்.

இதையும் எண்களாகவே சொல்கிறேன். 1,280 ரூபாய் எம்.ஆர்.பி. உள்ள ஒரு பாகத்தை நாங்கள் 850 ரூபாய்க்கு வாங்குகிறோம் என்று வையுங்கள். அதன் மேல் 28 சதவீத வரி சேர்த்தால் 1,088. அந்த வரி உள்ளீட்டு வரியாக எங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும், ஆகவே உண்மையான அடக்கம் 850தான். ஆனால் பழைய மென்பொருளிலிருந்து புதியதுக்கு மாறியபோது, அப்போது கையிருப்பில் இருந்த பாகங்களுக்கு 1,088ஐயே அடக்க விலையாக ஏற்றிவிட்டார்கள். இத்தனை நாளும் அது வெளியே தெரியவில்லை. ஏனென்றால் 1,280இல் பத்து சதவீதம் கழித்தால் 1,152. அது 1,088ஐ விட அதிகம், பில் விழுந்துவிடும். இப்போது எம்.ஆர்.பி. 1,180. பத்து சதவீதம் கழித்தால் 1,062. மென்பொருளின் கண்ணுக்கு அது நஷ்டம்.

உண்மையில் லாபம் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. 1,152ஐ 28 சதவீதத்தில் பிரித்தாலும் 900, 1,062ஐ 18 சதவீதத்தில் பிரித்தாலும் 900. இரண்டிலும் அடக்கம் 850, லாபம் 50. 28 சதவீத வரி கட்டி வாங்கிய பழைய சரக்கை 18 சதவீதத்தில் விற்றால் கைநஷ்டம் என்று அந்த வாரம் எங்கள் வட்டாரத்தில் பேசாதவர்கள் இல்லை. அது சரியில்லை. கட்டிய வரி வரவுக் கணக்கில் இருக்கிறது, அடுத்தடுத்த மாதங்களில் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பணம் கொஞ்ச நாள் முடங்கும், அவ்வளவுதான். பைக்குகளின் விஷயத்திலும் உதிரிபாகங்களின் விஷயத்திலும் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தால், பழைய சரக்கை விலை குறைக்காமல் விற்கப் பார்த்த பல கடைக்காரர்கள் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

விலை மாற்றம் புதிதாக ஒரு தவறை உண்டாக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே கிடந்த தவறை வெளியே தள்ளிவிட்டது. இந்த முழு நிகழ்விலும் நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் இதுதான். விலைக் கோப்பை ஏற்றுவது பத்து நிமிட வேலை. அது எந்தப் பட்டியலின் மேல் ஏறுகிறதோ, அந்தப் பட்டியல் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் பல நாள் வேலை.

பத்து என்றால் பத்து இல்லை

கம்பெனிக் கோப்பில் வராத பாகங்களும் எங்கள் ரேக்கில் உண்டு. சீட் கவர், டேங்க் கவர், உள்ளூர் மொத்த வியாபாரிகளிடம் வாங்குகிற சில்லறைச் சாமான்கள். அவற்றின் விலையைக் கையால் மாற்ற வேண்டும். திங்கட்கிழமை அவசரத்தில் கேஷியர் ஒரு காரியம் செய்தார். 28லிருந்து 18க்கு வந்தால் பத்து குறைகிறது என்று, அந்தப் பொருட்களின் விலையிலெல்லாம் பத்து சதவீதத்தைக் கழித்துவிட்டார்.

கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, கணக்கு தப்பு. வரி பத்துப் புள்ளி குறைந்தது அடிப்படை விலையின் மேல். எம்.ஆர்.பி. என்பது அடிப்படை விலையும் வரியும் சேர்ந்த 128 பங்கு. அது 118 ஆகிறது. அதாவது எம்.ஆர்.பி.யில் குறைவது 7.81 சதவீதம். 1,280இல் பத்து சதவீதம் கழித்தால் 1,152, சரியான விலை 1,180. ஒரு பொருளுக்கு 28 ரூபாய் போகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல், அவர் கழித்த பொருட்களில் பாதி 28 சதவீதத்திலேயே இருந்ததில்லை. போல்ட், நட் எல்லாம் எச்.எஸ்.என்.னில் 7318 என்ற தலைப்பில் வருபவை, முன்பும் 18தான். எஞ்சின் ஆயிலும் அப்படியே. அவற்றின் விலை ஒரு பைசா குறைய வேண்டியதில்லை. ஏன் இப்படி ஆனது என்று பார்த்தால், பட்டியலில் அந்தப் பொருட்களுக்கு எச்.எஸ்.என். எண்ணே இல்லை. காலியாக விட்டால் மென்பொருள் தானாக 28 சதவீதப் பிரிவில் போட்டுவிடும். அதாவது இத்தனை காலமும் அந்த போல்ட்டுகளுக்கு நாங்கள் கூடுதலாகவே வரி கட்டிக்கொண்டிருந்தோம். எம்.ஆர்.பி. மாறாததால் வாடிக்கையாளருக்குப் பாதிப்பில்லை. எங்களுக்குத்தான் நஷ்டம், அதுவும் யாருக்கும் தெரியாத நஷ்டம்.

ஆயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அன்று கவுண்டரில் நடந்த வாக்குவாதங்களில் பெரும்பாலானவை ஆயிலுக்காகத்தான். சர்வீஸ் பில்லில் முக்கியமான இனங்கள் மூன்று: கூலி, ஆயில், பாகங்கள். கூலிக்கு முன்பும் 18, இப்போதும் 18. ஆயிலுக்கும் அதே. பாகங்களில்தான் குறைவு. கூலி 500, ஆயில் 400, பாகங்கள் 640 என்று 1,540 ரூபாய் வருகிற ஒரு சர்வீஸில், பாகங்கள் மட்டும் 590 ஆகும். மொத்தம் குறைவது 50 ரூபாய். பத்து சதவீதம் குறையும் என்று நம்பி வந்தவர் 154 ரூபாயை எதிர்பார்ப்பார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, அவருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. அன்று மாலையே ஒரு அட்டையில் மூன்று விஷயம் எழுதிக் கவுண்டரில் தொங்கவிட்டோம்: கூலி மாறவில்லை, ஆயில் மாறவில்லை, பாகங்கள் 100 ரூபாய்க்கு 7 ரூபாய் 81 பைசா குறைவு. சத்தம் பாதியாகக் குறைந்தது. அந்த அட்டையை ஞாயிறே எழுதியிருக்க வேண்டும்.

இரண்டே எண்கள்

திங்கள் இரவு கடை மூடிய பிறகு திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்த முறை கோப்பை ஏற்றுவதற்குப் பதிலாக ஒப்பிட்டோம். சனிக்கிழமை காலை எடுத்து வைத்த பழைய பட்டியல் ஒரு பக்கம், இப்போதைய பட்டியல் இன்னொரு பக்கம். ஒவ்வொரு பாகத்துக்கும் விலை எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்று ஒரு பத்தி போட்டு, அந்தப் பத்தியை வரிசைப்படுத்தினோம்.

கம்பெனி அடிப்படை விலையைத் தொடவில்லை என்று சுற்றறிக்கையில் சொல்லியிருந்தது. அப்படியென்றால் அந்தப் பத்தியில் இரண்டே எண்கள்தான் வரலாம். வரி குறைந்த பாகத்துக்கு 7.81 சதவீதக் குறைவு, குறையாததற்குச் சுழியம். வேறு எந்த எண் வந்தாலும் அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது. இந்தச் சோதனையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. ஆனால் பார்த்தவுடன் மலைத்துப்போனேன். பல ஆயிரம் பாகங்கள் கொண்ட பட்டியலில், மனிதக் கண் பார்க்க வேண்டியவை ஒரே திரையில் திரண்டு வந்து நின்றன.

பத்து சதவீதக் குறைவு என்று வந்தவையெல்லாம் கேஷியர் கையால் மாற்றியவை. தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குறைவு என்று சில வந்தன, அவை பத்து எண்ணிக்கை கொண்ட பாக்கெட்டாக நாங்கள் வைத்திருப்பவை. கம்பெனிக் கோப்பில் ஒன்றின் விலை, எங்கள் பட்டியலில் பாக்கெட்டின் விலை. சுழியம் என்று வந்து, ஆனால் 28 சதவீதப் பிரிவில் இருந்தவைதான் மிகவும் முக்கியம். அவை விலை குறைய வேண்டும், குறையவில்லை. அவற்றில் பெரும்பாலானவை நம்பர் மாறிய பாகங்கள். கம்பெனி ஒரு பாகத்தைக் கொஞ்சம் திருத்திப் புது நம்பர் கொடுத்துவிட்டால், விலைக் கோப்பில் புது நம்பர் மட்டுமே இருக்கும். பழைய நம்பரில் ரேக்கில் கிடக்கிற சரக்குக்கு விலை சொல்ல ஆளில்லை. தப்பு தூங்குகிற இடம் என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

சின்ன விலைப் பாகங்களில் மட்டும் சதவீதம் ஏமாற்றும். 13 ரூபாய்ச் சாமான் 11.98 ஆகி, முழு ரூபாயாக்கும்போது 12 ஆகும். சதவீதம் 7.69 என்று காட்டும். அதில் தவறில்லை. ஆகவே 50 ரூபாய்க்குக் கீழே உள்ளவற்றுக்குச் சதவீதத்தைப் பார்க்காமல், கணக்குப்படி வர வேண்டிய விலைக்கும் பட்டியல் விலைக்கும் ஒரு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம்.

28 சதவீதப் பிரிவில் இருந்தும் சுழியம் காட்டியவற்றில் மீதி இருந்தவற்றுக்குக் காரணம் வேறு. நாங்கள் கோப்பை ஏற்றுவதற்கு முன் எக்செல்லில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, அப்படியே சேமித்திருந்தோம். சுழியத்தில் ஆரம்பிக்கிற பாக எண்களின் முன்னால் இருந்த சுழியங்களை எக்செல் விழுங்கிவிட்டது. இலக்கங்களுக்கு நடுவே ஆங்கில 'இ' எழுத்து வருகிற எண்களை, பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு வேறு எண்ணாக்கிவிட்டது. கோடு போட்ட சில எண்கள் தேதியாகவே மாறிவிட்டன. மென்பொருளுக்கு அந்த எண்கள் புரியாததால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறது. இது நம் ஊர்க் கவுண்டருக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, எக்செல் சில மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடுவதால் 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றியது. விஞ்ஞானிகளே பெயரை மாற்ற வேண்டி வந்த இடத்தில், எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: கம்பெனிக் கோப்பை இனி நேரடியாகத் திறக்கக் கூடாது, உள்ளே இழுக்கும்போதே பாக எண் பத்தியை எழுத்து வகை என்று குறித்துவிட வேண்டும்.

திரும்பி வந்த பாகங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செப்டம்பர் 22க்கு முன் 28 சதவீதத்தில் விற்ற பாகம் அதற்குப் பிறகு திரும்பி வந்தால், பணத்தைத் திருப்பித் தருவதற்கான கிரெடிட் நோட்டைப் பழைய பில்லின் விகிதத்திலேயே போட வேண்டும். 1,280 கொடுத்து வாங்கியவருக்கு 1,280 திரும்பக் கிடைக்க வேண்டும். பழைய பில் எண்ணைக் கொடுத்துத் திரும்ப எடுத்தால் மென்பொருள் சரியாகச் செய்தது. பில் எண் இல்லாமல் பொதுவாக எடுத்தால் அன்றைய விலையான 1,180ஐக் காட்டியது. பில் எண் இல்லாமல் எடுக்கிற வசதியையே அடைத்துவிட்டோம்.

பாக்கெட் மேல் இருக்கிற விலை

அந்த வாரம் ரேக்கில் இருந்த எல்லாப் பாக்கெட்டுகளின் மேலும் பழைய எம்.ஆர்.பி. அச்சாகியிருந்தது. விற்காமல் இருக்கும் சரக்கில், பழைய விலை தெரியும்படி விட்டு, திருத்திய விலையை ஸ்டிக்கராக ஒட்டலாம் என்று நுகர்வோர் விவகாரத் துறை செப்டம்பர் 9 அன்று அனுமதி கொடுத்தது. 18ஆம் தேதி அதையும் தளர்த்தி, ஒட்டுவது கம்பெனிகளின் விருப்பம் என்றாக்கியது. பாக்கெட்டில் 1,280 இருந்து பில்லில் 1,180 வந்தால் யாரும் சண்டை போடுவதில்லை. அதனால் இந்தப் பக்கம் பெரிய சிக்கல் எழவில்லை.

ஆனால் இதைப் பார்த்தபோது சாதாரண மாதங்களில் நாங்கள் செய்துகொண்டிருந்த ஒரு காரியம் உறுத்த ஆரம்பித்தது. கம்பெனி விலை ஏற்றினால் கோப்பு வரும், ஏற்றுவோம், அந்த நிமிடத்திலிருந்து பில்லில் புது விலை. ரேக்கில் கிடக்கிற பாக்கெட்டிலோ பழைய விலை. 150 ரூபாய் என்று அச்சடித்த பாக்கெட்டை 162க்கு விற்போம். ஒர்க்‌ஷாப்பில் போடுகிற பாகத்தின் பாக்கெட்டை வாடிக்கையாளர் பார்ப்பதே இல்லை, ஆகவே யாரும் கேட்டதில்லை. பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறையில் விற்கக் கூடாது என்று 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. வரி குறைந்தபோது விலையைக் குறைக்க ஓடிய நாங்கள், விலை ஏறியபோதெல்லாம் பழைய சரக்குக்கும் புது விலையை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இதற்கு மருந்துக் கடைகளும் சூப்பர் மார்க்கெட்டுகளும் எப்போதோ வழி கண்டுவிட்டன. ஒரே பொருளுக்கு, வந்த தொகுதிக்கு ஏற்ப இரண்டு மூன்று எம்.ஆர்.பி.யை அவர்களுடைய மென்பொருள் வைத்துக்கொள்ளும். பில் போடும்போது கையில் இருக்கிற பாக்கெட்டின் விலையைத் தேர்ந்தெடுப்பார்கள். எங்கள் மென்பொருளில் ஒரு பாக எண்ணுக்கு ஒரே ஒரு எம்.ஆர்.பி.தான் வைக்க முடியும். தயாரித்தவர்களிடம் எழுதிக் கேட்டிருக்கிறோம். அதுவரைக்கும் கையாலேயே ஒரு ஏற்பாடு செய்தோம். விலை ஏறுகிற பாகம் ரேக்கில் இருந்தால், பழைய சரக்கு தீரும்வரை அந்தப் பாகத்தின் விலையை ஏற்றுவதில்லை. புதுச் சரக்கு வந்தால் அதைத் தனிப் பெட்டியில் வைத்துவிடுகிறோம், பழையது தீர்ந்த அன்று விலையை மாற்றிப் புதுப் பெட்டியைத் திறக்கிறோம். தம்பிக்கு வேலை கூடுதல்தான். ஒரு பாக்கெட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் எங்களுக்கு வராமல் போகிறது என்பதும் உண்மை. முதலாளியிடம் இதைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினேன். கேட்டுவிட்டு, "பாக்கெட்ல போட்டிருக்கிறத வாங்குங்க" என்று மட்டும் சொன்னார்.

இப்போது எப்படிச் செய்கிறோம்

விலைக் கோப்பு வந்ததும் அன்றைய பட்டியலை முதலில் தனியாகப் பத்திரப்படுத்துகிறோம். கோப்பை ஏற்றுவதற்கு முன்பே ஒப்பீட்டுப் பட்டியல் போடுகிறோம். கோப்பில் இருந்து எங்களிடம் இல்லாதவை பற்றிக் கவலையில்லை. ரேக்கில் இருந்து கோப்பில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். சுற்றறிக்கை சொல்வதற்கு மாறாக அதிகம் ஏறியோ இறங்கியோ இருப்பவற்றைத் தம்பி ரேக்குக்குப் போய் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்கிறான். திறந்திருக்கிற ஜாப் கார்டுகளின் பட்டியலை அச்செடுத்து, விலை மாறுகிற பாகம் ஏறியிருந்தால் அதை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுகிறோம். அடக்க விலைப் பத்தியில் வரி கலந்திருந்த பாகங்களைக் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டுத் திருத்துவதற்குத் தீபாவளி வரை ஆனது. எச்.எஸ்.என். காலியாக இருந்தால் மென்பொருள் பில் போடவே விடாது என்று மாற்றி வாங்கினோம். இதற்காகச் சில நாட்கள் கவுண்டரில் தாமதம் ஏற்பட்டது. பரவாயில்லை என்றே நினைக்கிறேன், காலி இடத்தை யாரோ ஒருவர் நிரப்பித்தான் ஆக வேண்டும்.

பாகங்களைக் கையால் தொடுகிறவர் இல்லாமல் விலைக் கோப்பை ஏற்றுவதில்லை என்பதில் மட்டும் நான் விடாப்பிடியாக இருக்கிறேன். அடக்க விலையில் இருந்த தவறையும் பாக்கெட் விலைக்கும் ஒற்றை விலைக்கும் இருந்த குழப்பத்தையும் கண்டுபிடித்தது ஸ்டோர் தம்பி. அவனுக்குக் கணினிப் படிப்பு எதுவும் இல்லை. எந்தப் பாகம் எந்தப் பெட்டியில் எத்தனை கிடக்கிறது என்று தெரியும், அதன் விலை எவ்வளவாக இருக்க முடியும் என்பதும் தெரியும். மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்து கோப்பு ஏற்றித் தருகிறோம் என்று மென்பொருள் ஆட்கள் சொன்னார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை கூடுதலாகக் கட்டிய பதினோரு பேரின் பெயரும் போன் நம்பரும் ஜாப் கார்டில் இருந்தன. பால்காரருக்கு அங்கேயே பில்லைத் திருத்தி 100 ரூபாயைக் குறைத்தாகிவிட்டது. மற்றவர்களுக்கு மறுநாள் போன் செய்தேன். சிலர் நம்பவில்லை, ஏதோ மோசடி என்று நினைத்து வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு சர்வீஸ் அட்வைசர் நேரில் போய்ச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் கிரெடிட் நோட் போட்டு வித்தியாசத்தைக் கொடுத்தோம். ஒன்பது பேர் அந்த வாரத்திலேயே வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் வெளியூர் போயிருந்தார், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவ வந்தபோது கொடுத்தோம். கடைசி ஆள் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. அவருக்குச் சேர வேண்டியது 23 ரூபாய். அக்டோபர் கடைசியில் அடுத்த சர்வீஸுக்கு வந்தார். கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பழைய பில்லையும் புது கிரெடிட் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னார். 128ஐயும் 118ஐயும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அந்தத் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டார், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சதவீதம் நடத்தப் போகிறாராம்.